24 சென்ட் நிலமும் வேலூரின் பூங்காக்களும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்பாடிப் பக்கம் வளர்ந்துவரும் ஒரு மனைப்பிரிவின் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் கேட்கிறார்: "எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்ட 24 சென்ட் நிலம் பல ஆண்டுகளாக முள் மண்டிக் கிடக்கிறது. இப்போது அதைப் பூங்காவாக்கும் பேச்சு எழுந்திருக்கிறது. செயற்கை நீரூற்று, பேவர் பிளாக் நடைபாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், புல்தரை, செல்ஃபி எடுக்க ஓர் இடம் என்று எங்கள் உறுப்பினர்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டால் போதுமா? வேலூர் போன்ற வளரும் நகரத்தில் பூங்காக்களை எப்படித் திட்டமிடுவது சரி?"

உங்கள் பட்டியலில் மரம் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதும், திறப்பு விழா முடிந்த மூன்றாம் ஆண்டு அந்த இடத்தை யார் பெருக்கப்போகிறார் என்பதும் இல்லை. உங்கள் சங்கத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. நம் ஊர்களில் பூங்கா வேலைகளுக்குத் தயாராகும் மதிப்பீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. கட்டுமானத்துக்கு ஒரே ஆண்டில் பணம் வருகிறது, செலவாகிறது, படம் எடுக்கப்படுகிறது. பூங்காவைப் பூங்காவாக்குகிற நிழலும் பராமரிப்புமோ மெல்லச் சேர்கிறவை. அவற்றுக்கு மதிப்பீட்டில் தலைப்பு கிடையாது. வேலூருக்குப் பெரிய பூங்கா ஒன்றைவிட, நடந்து போகும் தூரத்தில் நிழலடர்ந்த சிறிய பூங்காக்கள் பல தேவை என்பதும், அவற்றுக்கான நிலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே பத்திரத்தில் இருக்கிறது என்பதும் என் கருத்து.

முதலில் நகரத்தின் அளவைப் பார்ப்போம். 1866-ல் நகராட்சியான வேலூர், 2008-ல் மாநகராட்சியாகி, 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, சேண்பாக்கம், அல்லாபுரம், கழிஞ்சூர் முதலிய சுற்றுப்பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு 60 வார்டுகளாக விரிந்தது. மக்கள்தொகை ஐந்து லட்சத்தை ஒட்டியது. மத்திய அரசு 2014-ல் வெளியிட்ட நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள், ஒரு நகரத்தில் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கின்றன. குறைந்தபட்சமான 10 சதுர மீட்டரை எடுத்துக்கொண்டாலும் ஐந்து லட்சம் பேருக்கு 500 ஹெக்டேர், அதாவது 1,235 ஏக்கர் வேண்டும். வேலூர்க் கோட்டையின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 133 ஏக்கர். அகழி, மதில், ஜலகண்டேசுவரர் கோயில், அருங்காட்சியகம் எல்லாவற்றையும் உள்ளடக்கிய அப்படிப்பட்ட ஒன்பது கோட்டைகளின் பரப்பைப் பூங்காவாக விட்டால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

அது நடக்கப்போவதில்லை. ஒருபுறம் மலை, மறுபுறம் பாலாறு, நடுவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை என்று அமைந்த ஊரில், இருக்கிற சமதரையெல்லாம் மனையாகிவிட்டது. ஆகவே பூங்கா என்ற பெயர்ப்பலகை உள்ள இடங்களை மட்டும் எண்ணாமல், ஏரிக்கரைகள், மலையடிவார ஓடைகளின் ஓரங்கள், பள்ளிகளின் விளையாட்டுத் திடல்கள், மனைப்பிரிவுகளில் ஒதுக்கப்பட்ட சிறு நிலங்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே வரைபடத்தில் குறித்துக்கொண்டு திட்டமிடுவதே நமக்குப் பொருந்தும். அதே வழிகாட்டு நெறிகள் ஐந்தாயிரம் பேர் வாழும் குடியிருப்புப் பகுதிக்கு அரை ஹெக்டேரில் ஒரு பூங்கா என்று சொல்கின்றன. அந்த அரை ஹெக்டேர் ஒரே துண்டாகக் கிடைக்காத இடத்தில், 24 சென்ட் துண்டுகள் ஐந்து கிடைத்தாலும் பரப்பு ஏறக்குறைய அதே அளவுதான். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த ஐந்து துண்டுகளே மேல் என்பேன், ஏனென்றால் சாலையைக் கடக்காமல் போய்வர முடியும்.

இனி உங்கள் நிலத்துக்கு வருகிறேன். மரக்கன்று வாங்குவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைப்பிரிவில் திறந்தவெளி ஒதுக்கீடு கட்டாயமில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் செலுத்தலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் நிலமாகவே, தானப் பத்திரம் பதிவு செய்து உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்தாக வேண்டும். புரமோட்டர்களும் பத்திர எழுத்தர்களும் 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்று சொல்வது இதைத்தான். இந்த விதியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது நிலத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்: பத்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி பகுதி பகுதியாக மனைபோட்டால் நிலம் கொடுக்க வேண்டியதில்லை, பணத்தோடு முடிந்துவிடும். அப்படி வந்த பணம் அதே தெருவில் பூங்காவாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அங்கீகாரம் பெறாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தபோது பல மனைப்பிரிவுகள் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் அவற்றில் பலவற்றில் பூங்காவுக்கென விட்ட இடமே இல்லை. உங்கள் மனைப்பிரிவில் 24 சென்ட் நிலமாகவே இருக்கிறது என்றால், அதைப் பெரிய வாய்ப்பாகக் கருதுங்கள்.

அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் அளித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்குங்கள். ஒப்புதல் எண் உங்கள் கிரயப் பத்திரத்திலேயே இருக்கும். அதில் பூங்கா என்று குறித்த இடத்துக்கான தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்துவிடாது. நகர நில அளவைப் பதிவேட்டில் அது மாநகராட்சியின் பெயருக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். பல இடங்களில் பத்திரம் மாநகராட்சியிடம் தூங்க, பட்டா பழைய உரிமையாளரின் பெயரிலேயே தொடர்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய வாரிசுகள் அதே நிலத்தை விற்க முற்படும்போதுதான் விவரம் வெளியே வருகிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டு, உங்கள் வார்டில் உள்ள எல்லாத் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்களின் பட்டியலையும் அவற்றின் தற்போதைய நிலையையும் கேட்டு வாங்குவது உங்களுக்கு மட்டுமல்லாமல் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் பயன்படும்.

சுற்றிலும் வேலி போட்ட பிறகு வரும் ஆபத்து வேறு வகை. மேல்நிலைத் தொட்டிக்கு இடம் வேண்டும், அங்கன்வாடிக்கு இடம் வேண்டும், ரேஷன் கடைக்கு இடம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்; ஒவ்வொன்றும் நியாயமான தேவையாகவே தோன்றும். சில இடங்களில் ஒரு மூலையில் சிறு சிலை வந்து, பிறகு மேற்கூரை வந்து, பிறகு சுற்றுச்சுவரும் வரும். பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததுகூடத் தவறு என்று பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவமனையும் பொதுநலத்துக்குரியதுதானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் இந்த வழக்கின் பெயரை எழுதி வைத்துக்கொள்வது நல்லது, கேட்க வருபவர்கள் பெரும்பாலும் நமக்கு வேண்டியவர்களாகவே இருப்பார்கள்.

நிலம் உறுதியானால் முதல் செலவு மண்ணுக்கும் மரத்துக்கும். மனைப்பிரிவு போடுகிறவர், விற்க முடியாத மூலையைத்தான் பூங்காவுக்கு விடுவார். அது பள்ளமாக இருக்கும், அல்லது மண்வெட்டி இறங்காத சுக்காம்பாறையாக இருக்கும், அல்லது கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவியதாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஓரடிக் குழி தோண்டிக் கன்று நட்டுவிட்டு அது வளரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் குழியெடுத்து, சரளையை அப்புறப்படுத்தி, ஏரி வண்டலும் மட்கிய எருவும் கலந்து நிரப்ப வேண்டும். வேலூரில் மக்கும் குப்பையை வார்டு அளவிலேயே உரமாக்கும் ஏற்பாடு இருப்பதால், எருவுக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூங்காவுக்குள்ளேயே ஒரு மூலையில் இலைதழைக் குழி ஒன்று இருந்தால், உதிரும் சருகைக் கொளுத்தும் வழக்கமும் ஒழியும்.

எந்த மரம் என்று கேட்டால், நம் வெயிலை அறிந்த மரங்களைச் சொல்வேன். கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிற ஊர் இது. சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கக்குகின்றன. புங்கமரம் மாசி, பங்குனியில் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விட்டு, சித்திரை பிறக்கும்போது அடர்ந்த குடையாகிவிடும். நமக்கு நிழல் எப்போது மிகவும் தேவையோ அப்போது சரியாக நிழல் தரும் மரம் என்பதால், பாதையோரத்துக்குப் புங்கன்தான் என் முதல் தேர்வு. அதோடு வேம்பு, பூவரசு, மகிழம், இலுப்பை, நீர் தங்கும் பக்கத்தில் மருதம் என்று கலந்து நடலாம். நாவல் நல்ல மரம்தான். ஆனால் ஆனி, ஆடியில் பழம் விழுந்து பாதை வழுக்கும் என்பதால் நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். ஆலும் அரசும் 24 சென்டுக்குப் பெரியவை, ஏரிக்கரைக்கு விட்டுவிடலாம். விரைவில் வளரும் என்பதற்காகக் கோனோகார்பஸ் நடச் சொல்லும் நர்சரிக்காரர்களை நம்ப வேண்டாம். மகரந்த ஒவ்வாமை, குழாய்களையும் வடிகால்களையும் துளைக்கும் வேர் ஆகிய காரணங்களால் குஜராத் அரசு 2023-ல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. குல்மோகரின் கிளைகள் காற்றுக்கு முறிகிறவை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது வேண்டாம்.

ஏழு மீட்டர் இடைவெளியில் நட்டால் உங்கள் நிலத்தில் பதினாறிலிருந்து பதினெட்டு மரங்கள் நிற்கும். அவ்வளவுதானா என்று தோன்றும். நூறு கன்று நட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் நன்கு வளர்ந்த பதினெட்டு மரங்களின் குடைகள் ஒன்றோடொன்று முட்டி, 970 சதுர மீட்டர் நிலத்தில் பெரும்பகுதியை மூடிவிடும். நெருக்கி நட்ட நூறு கன்றுகளோ ஒன்றையொன்று மேலே தள்ளிக்கொண்டு கம்பு கம்பாக நிற்கும், அவற்றின் கீழே உட்காரவும் முடியாது. மரங்களை முதலில் மேற்குப் பக்கத்திலும் தென்மேற்கு மூலையிலும் நடுங்கள். மாலை நான்கு மணி வெயிலை அங்கேதான் மறிக்க வேண்டும்.

புல்தரை பற்றி உங்கள் உறுப்பினர்களிடம் ஒரு கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீர் வேண்டும், அதாவது சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர். முந்நூறு சதுர மீட்டர் புல்தரைக்கு நாளுக்கு 1,500 லிட்டர், வாரத்துக்கு 10,500 லிட்டர். அதே வாரத்தில் பதினெட்டு மரக்கன்றுகளுக்கு, கன்றுக்கு 20 லிட்டர் வீதம் இரண்டு முறை ஊற்றினாலும் 720 லிட்டர் போதும். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு அதுவும் தேவைப்படாது. மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் கொண்டுவந்து குடிக்கும் ஊரில், மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில், புல்தரையைப் பச்சையாக வைத்திருப்பேன் என்று எந்தச் சங்கமும் வாக்குக் கொடுக்க முடியாது. குழந்தைகள் உருண்டு புரள ஒரு சிறு திட்டில் அருகம்புல்லை விட்டுவையுங்கள்; மழைக்குத் தழைக்கும், கோடையில் காயும், பிறகு தானே எழும். மீதித் தரை மண்ணாகவே இருக்கட்டும்.

மழைநீர்க் கணக்கு இதைவிட முக்கியமானது. வேலூரில் தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 900 முதல் 1,000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. 900 என்றே கொண்டாலும் உங்கள் 24 சென்டில் மட்டும் ஆண்டுக்கு எட்டு லட்சத்து எழுபதாயிரம் லிட்டர் விழுகிறது. இதில் பாதியை மண்ணுக்குள் இறக்கினால்கூடச் சுற்றுவட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளுக்கு நன்மை. பேவர் பிளாக் பரப்பி, சுற்றிலும் கட்டைச்சுவர் எழுப்பி, நீரை வடிகாலுக்குத் திருப்பிவிடுகிற பூங்காக்கள் இந்த நன்மையைக் கைவிடுகின்றன. நடுப்பகுதியை அரையடி தாழ்த்தி, அங்கே சரளையும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழி ஒன்றிரண்டு அமைத்தால், ஐப்பசி மழையில் நீர் இரண்டொரு மணி நேரம் தேங்கி இறங்கிவிடும். கொசு முட்டையிட்டுப் பெருகும் அளவுக்கு நிற்காது. செயற்கை நீரூற்றைப் பற்றித் தனியாக வாதிட விரும்பவில்லை. மோட்டார் பழுதான நீரூற்றுத் தொட்டிதான் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம் என்பதைச் சுகாதார ஆய்வாளரே உங்களுக்குச் சொல்வார்.

நடைபாதைக்கு வருவோம். நிலம் ஏறக்குறைய 25 மீட்டர் அகலமும் 39 மீட்டர் நீளமும் என்று வைத்துக்கொண்டால், வேலியை ஒட்டி உட்புறமாகச் செல்லும் பாதை ஒரு சுற்றுக்கு 110 மீட்டர் வரும். ஒன்பது சுற்றில் ஒரு கிலோமீட்டர். இருவர் பேசிக்கொண்டே நடக்க ஆறடி அகலம் வேண்டும். பேவர் பிளாக் சூட்டைச் சேர்த்து வைத்து மாலையிலும் தகிக்கும், மரவேர் தூக்கும்போது கல் பெயர்ந்து காலை இடறும். நன்றாகக் கெட்டித்த சரளை மண் பாதையே முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் நுழைவாயிலிலிருந்து முதல் இருக்கை வரையாவது சக்கர நாற்காலி தடையின்றிப் போகுமளவுக்குத் தளம் போடுங்கள். சரிவு பன்னிரண்டடிக்கு ஓரடிக்கு மேல் இருக்கக் கூடாது. மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்க வைக்கிற சுழல்கதவு, சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும்தான் முதலில் தடுக்கிறது.

உடற்பயிற்சிக் கருவிகளை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். நிழலில்லாத இடத்தில் போட்ட இரும்புக் கருவியைக் காலை ஒன்பது மணிக்கு மேல் தொட முடியாது. சறுக்குமரமும் அப்படியே, உலோகமாக இருந்தால் வடக்கு நோக்கி, மரநிழலில் வையுங்கள், கீழே ஓரடி ஆழம் மணல் கொட்டுங்கள், சிமென்ட் தளம் போடவே கூடாது. ஆளுயரச் சுவரும் வேண்டாம். இரண்டடிச் சுவர், அதற்கு மேல் கம்பி வேலி. தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவர் தெரியும் பூங்காவுக்குத்தான் மாலை ஏழு மணிக்குப் பெண்கள் தயங்காமல் வருவார்கள். விளக்கும் அதே நோக்கத்தோடு அமைய வேண்டும். உயர்கோபுர விளக்கின் வெளிச்சம் மரங்களின் தலையில் விழுந்து கீழே இருட்டைத்தான் தரும். பன்னிரண்டடி உயரக் கம்பங்கள் ஆறேழு இருந்தால் போதும். கழிப்பறை பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது: ஐந்து நிமிட நடையில் வீடு இருக்கிறவர்கள் மட்டுமே வரும் பூங்காவில், துப்புரவுக்கு ஆளில்லாமல் கழிப்பறை கட்டுவது அந்த மூலையையே பாழாக்கும்.

நகரின் நடுவிலோ நிலைமை நேர்மாறானது. வேலூருக்கு வந்து போகிறவர்களில் பெரும்பங்கு நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும்தான். மருத்துவர் ஐடா ஸ்கட்டர் 1900-ல் சிறிய அளவில் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இன்று மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், ஆந்திரம், வங்கதேசம் என்று பல திசைகளிலிருந்தும் மக்களை இங்கே வரவழைக்கிறது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் அவர்களுக்குக் காந்தி ரோட்டு விடுதியின் சிற்றறையை விட்டால் பகல் பொழுதைக் கழிக்க இடம் எது? கோட்டை வெளியும் அதை ஒட்டிய பெரியார் பூங்காவும்தான். நம் ஊர்களில் பூங்காக்களைக் காலை, மாலை நடைப்பயிற்சிக்காரர்களின் வசதிக்கேற்பத் திறந்து, நடுப்பகலில் பூட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள எந்தப் பூங்காவும் பகலில் பூட்டப்படக் கூடாது. அங்கே குடிநீரும், கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும், ஆள் படுத்துக்கொள்ளுமளவு நீளமான இருக்கைகளும் இருக்க வேண்டும். படுக்க முடியாதபடி நடுவில் கைப்பிடி வைத்த பெஞ்சை வேலூரில் வடிவமைக்கிறவர், யாருக்காக வேலை செய்கிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கோட்டையைச் சுற்றி இதற்கு மேல் எதையும் கட்டாமலிருப்பதே அதற்குச் செய்யும் மேம்பாடு என்பது என் எண்ணம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் என்பதால், 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010-ல் வந்த திருத்தமும் 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடைசெய்கின்றன. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே எதையும் செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தைச் சிலர் வளர்ச்சிக்குத் தடையென்று அலுத்துக்கொள்வதுண்டு. அது இல்லாதிருந்தால் அகழியோரத்தில் வணிக வளாகம் வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அங்கே உண்மையில் தேவைப்படுவது, அண்ணா சாலையைப் பாதுகாப்பாகக் கடக்கும் வழியும், வாகனங்கள் திறந்தவெளியைத் தின்னாமல் பார்த்துக்கொள்வதும்.

ஏரிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது தனிப் பதிலுக்குரிய விஷயம். ஓட்டேரி, சதுப்பேரி, கழிஞ்சூர், தொரப்பாடி என்று நமக்கு இருக்கிற ஏரிகளின் கரைகள்தான் வேலூரின் நீண்ட பூங்காக்களாக முடியும். ஆனால் அழகுபடுத்துகிறோம் என்று நீர்ப்பிடிப்புக்குள்ளே மண்ணைக் கொட்டி நடைபாதை போடுவதும், கரை நெடுகச் சிமென்ட் சுவர் எழுப்புவதும் ஏரியைக் குறுக்கும் வேலை. பாதை கரையின் மேலேயோ வெளிப்பக்கமாகவோ போகட்டும். மதகும் கலங்கலும் அடைபடக் கூடாது. வரத்துக் கால்வாயைத் தூர்வாராமல் பூச்செடி வைப்பதில் பயனில்லை. பாலாற்றங்கரையில் எது அமைத்தாலும் 2021 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்து அமைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வறண்டு மணலாகக் கிடந்த ஆறு, அப்போது கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நீர் ஏறி இறங்கினாலும் கெடாத மரமும் மண்பாதையும்தான் அங்கே நிலைக்கும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. நகரங்களின் அடிப்படை வசதிகளுக்காக மத்திய அரசு 2015-ல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பசுமைவெளிகளுக்கும் பூங்காக்களுக்கும் அதிகபட்சம் 2.5 விழுக்காடு ஒதுக்க இடமிருந்தது. 2016 செப்டம்பரில் வேலூர் தேர்வான ஸ்மார்ட் சிட்டி திட்டத்திலும் பூங்கா வேலைகளுக்கு வாய்ப்பு வந்தது. இவையெல்லாம் கட்டுவதற்கான பணம். தோட்டக்காரரின் மாதச் சம்பளமும், மின்கட்டணமும், உடைந்த ஊஞ்சல் சங்கிலியும் மாநகராட்சியின் சொந்த வருவாயிலிருந்து வர வேண்டும், நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்தச் செலவுதான். ஆகவே புதுப் பூங்கா ஒன்றுக்கு ஒப்புதல் தரும் மாமன்றத் தீர்மானத்திலேயே ஆண்டுப் பராமரிப்புத் தொகையும் அது எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும் என்பதும் எழுதப்பட வேண்டும். அந்த வரி இல்லாத தீர்மானத்தை நிறைவேற்றுவதைவிட, நிலத்துக்கு வேலி மட்டும் போட்டு மரம் நட்டுக் காத்திருப்பது மேல்.

ஒப்பந்தத்திலும் ஒரு மாற்றம் கேட்கலாம். கட்டட வேலைக்கு உரிய ஓராண்டுப் பொறுப்புக்காலம் மரத்துக்குப் போதாது. கன்று பிழைத்ததா என்று தெரிய மூன்று கோடை கடக்க வேண்டும். மரம் நடும் பகுதியைத் தனி ஒப்பந்தமாகப் பிரித்து, தொகையில் ஒரு பங்கை மூன்றாம் ஆண்டு முடிவில், உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிக் கொடுக்கும்படி செய்தால், கன்று நட்ட மறுநாளே ஒப்பந்ததாரர் மறைந்துவிட மாட்டார். பராமரிப்பை அருகிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவிடம் மாதத் தொகைக்கு ஒப்படைப்பதும் நடைமுறையில் சாத்தியமே, தொகை காலத்தில் வந்தால். சங்கமே முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் இரண்டு ஆண்டு உற்சாகம் இருக்கும். பிறகு சாவி ஒருவர் வீட்டில் தங்கி, பூங்கா அவருடைய வேண்டியவர்களுக்கு மட்டும் திறக்கும் நிலை வந்துவிடும். பக்கத்துக் குடிசைப்பகுதிப் பிள்ளைகள் உள்ளே வருவதை 'வெளியாட்கள்' என்று தடுக்கும் பேச்சும் அப்போதுதான் எழும். அது மாநகராட்சி நிலம், எல்லோருக்கும் உரியது.

இப்போது உங்கள் சங்கம் செய்யக்கூடியது இதுதான். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் மாமன்ற உறுப்பினர் தலைமையில் அடுத்து நடக்கும் கூட்டத்தில், வரைபட நகலையும் வில்லங்கச் சான்றையும் இணைத்து எழுத்து மூலம் மனு கொடுங்கள். நிலத்தை மாநகராட்சியின் பெயரில் பதிவேட்டில் ஏற்றுவது, அளந்து கல் நட்டுக் கம்பி வேலி போடுவது, குழியெடுத்துப் பதினெட்டு மரங்கள் நட்டு மூன்றாண்டு காப்பது, மண்பாதையும் உறிஞ்சுகுழியும் அமைப்பது, ஆறேழு விளக்கும் எட்டுப் பத்து இருக்கைகளும் வைப்பது என்று மட்டும் முதல் கட்டமாகக் கேளுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் பங்களிப்பாகத் திரட்ட முடிந்தால், நமக்கு நாமே திட்டத்தில் இந்த வேலை விரைவில் எடுத்துக்கொள்ளப்படும். பெரிய கட்டுமானம் எதுவும் இல்லாததால் அந்தப் பங்கு உங்கள் சங்கத்தால் தாங்கக்கூடியதாகவே இருக்கும். மனுவை ஆவணி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் குழிகள் தயாராக இருந்தால், முதல் இரண்டு மாதத் தண்ணீரை வானமே ஊற்றிவிடும்.